பூஜைக்குத் துடைத்த வெட்டுமுனைகள்

லேத் என்னும் கடைசல் எந்திரத்தில் ஓர் உலோகச் சீவல் கண் இமைப்பதற்குள் உருவாகிக் கீழே விழுந்துவிடும். என் கணினியில் அதே சீவல் எழுந்து வளைவதற்கு நாள்கணக்கில் ஆகும். அந்த இமைப்பொழுதில் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, உலோகத்தை ஆயிரக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நசுங்குகிறது, எவ்வளவு சூடாகிறது, பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு தள்ளுகிறது என்று கணினி கணக்குப் போடும். வெட்டுமுனை நகர நகரக் கட்டங்கள் கோணிக்கொள்ளும். மிகவும் கோணினால் கணக்கு நின்றுவிடும். காலையில் ஆய்வகத்தைத் திறந்ததும், சீவல் நேற்றைவிடக் கொஞ்சம் நீண்டிருக்கிறதா அல்லது திரையில் சிவப்பு எழுத்தில் பிழை என்று இருக்கிறதா என்று பார்ப்பேன். பல ஆண்டுகள் என் நாள் அப்படித்தான் தொடங்கியது.

ஆய்வகம் என்று சொன்னாலும், அது திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் பட்டறைக் கூடத்தில் பிளைவுட் பலகையால் தடுத்த ஒரு மூலை. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மின்விசிறி. சன்னல் வழியாகப் பெருமுக்கல் மலை தெரியும். காலையில் மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பேன். மதியத்துக்கு மேல் அந்த மூலையில் என் முனைவர் பட்ட வேலை. துறையில் மற்றவர்களும் ஆராய்ச்சி செய்தார்கள். ஒருவர் பற்றவைப்பில், ஒருவர் வாழைநாரில். அவர்களுடைய துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், உடைத்துப் பார்க்கலாம், அதைப் பற்றி டீக்கடையில் பேசலாம். என்னுடையதில் எடுத்துப் பார்க்க எதுவும் இல்லை. திரையில் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும் ஒரு படத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை பார்க்கக் கேட்டதில்லை.

தங்கியிருந்தது விழுப்புரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெரு ஒன்றில், மாடி அறை. பொறியியல் முடித்து வேலை கிடைக்காத நாட்களில் ஒரு செய்தித்தாளின் மாவட்ட அலுவலகத்தில் சில ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். அப்போது எடுத்த அறை. கல்லூரி திண்டிவனம் என்று ஆன பிறகும் மாறவில்லை. மாறக் காரணம் இருந்தது, அவசரம் இருக்கவில்லை. காலைப் பாசஞ்சரில் ஏறினால் முண்டியம்பாக்கத்தில் கரும்பாலை வாசனை வரும், மயிலத்தில் கூட்டம் ஏறும், திண்டிவனத்தில் இறங்கிப் பேருந்து. ஒரே பெட்டியில் ஏறுகிறவர்களின் முகங்கள் எல்லாம் பழக்கம். பூ கட்டிக்கொண்டே வருகிற இரண்டு பெண்கள், தாலுகா அலுவலக ஊழியர்கள், ஒரு தையல்காரர். தலையசைப்போம். அதற்கு மேல் போனதில்லை. என் குறையா அவர்கள் குறையா என்று நான் ஆராயவில்லை.

செய்தித்தாள் வேலையில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. நெடுஞ்சாலை விபத்துச் செய்தி வந்தால், எத்தனை பேர் என்ற எண்ணைப் பார்த்ததும் ‘யார் சொன்னது’ என்று கேட்பேன். எண்ணுக்கு ஆள் வேண்டும். காவல் நிலையமா, மருத்துவமனையா, பக்கத்தில் நின்றவரா. ஆள் இல்லாத எண் அச்சில் ஏறாது.

உலோக வெட்டைக் கணினியில் செய்து பார்ப்பவர்களின் உலகத்தில் ஆள் இல்லாத ஓர் எண் இருந்தது. சீவல் வெட்டுமுனையின் முகத்தில் உரசி ஏறுகிறது. எவ்வளவு உரசுகிறது என்பதை ஓர் எண்ணாகக் கணினிக்குச் சொல்ல வேண்டும். அதுதான் உராய்வு எண். வெட்டு நடக்கும் இடத்தில் அதை நேராக அளக்க வழியில்லை. அங்கே இருக்கும் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் எந்தக் கருவியும் உள்ளே போகாது. அதனால் பெரும்பாலானவர்கள் ஏதோ ஓர் எண்ணைப் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். கணினி சொல்லும் வெட்டு விசையும் லேத்தில் அளந்த வெட்டு விசையும் ஒத்துவரும்வரை எண்ணை மாற்றுவார்கள். ஒத்துவந்ததும் ‘நல்ல பொருத்தம்’ என்று எழுதிவிடுவார்கள். செய்தியை முதலில் எழுதிவிட்டுப் பிறகு காவல் நிலையத்துக்கு போன் செய்வது போல எனக்கு அது பட்டது. ஆனால் நானும் அப்படித்தான் ஓர் எண்ணைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

என் வேலையை மதிப்பிடும் ஆய்வுக் குழுவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அதைத்தான் பிடித்தார். விசை பொருந்துகிறது, சரி. உராய்வு எண் சரி என்பதற்கு வேறு சாட்சி என்ன என்று கேட்டார். பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்த கால நீட்டிப்பு அதுவே கடைசி. அடுத்த கூட்டத்தில் அந்தச் சாட்சியைக் காட்டினால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். காட்டாவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். அவ்வளவு ஆண்டுகளும் என் சொந்த அனுபவமாக மட்டும் மிஞ்சும்.

சாட்சி ஒன்று இருந்தது. சீவல் உரசிப் போன தடம். ‘இன்செர்ட்’ என்று சொல்லும், விரல் நுனி அகலமே உள்ள கார்பைடு வெட்டுமுனைகளின் முகத்தில், சீவல் ஒட்டிய தூரம்வரை அந்த உலோகத்தின் மெல்லிய படலம் படிந்திருக்கும். வெறும் கண்ணுக்கு அழுக்கு மாதிரி, மங்கிய சாம்பல் கறை. நுண்ணோக்கியில் வைத்தால் அதன் நீளத்தை அளக்கலாம். கணினியிலும் சீவல் முகத்தை விட்டுப் பிரியும் இடம் தெரியும். இரண்டும் ஒத்தால் என் எண்ணுக்கு ஆள் கிடைத்துவிடும். சென்னையில் ஒரு தொழிற்சாலை மீந்துபோன டைட்டானியக் கலவைத் தண்டு ஒன்றைக் கொடுத்திருந்தது. அதைப் பட்டறை லேத்தில் வெவ்வேறு வேகங்களில் வெட்டி, ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு புதிய முனை என்று வைத்து, வெட்டிய முனைகளைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு, மேல் வேகத்தை எழுதி ஒட்டி, மேசையில் அடுக்கியிருந்தேன். தண்டு அநேகமாகத் தீர்ந்துவிட்டது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் நுண்ணோக்கியில் அளக்க நேரம் வாங்கியிருந்தேன்.

அந்த மூலைக்கு வழக்கமாக வந்த ஒரே ஆள் துறையின் அட்டெண்டர் அக்கா. மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்தில் பிறந்தவர், திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஒப்பந்த வேலை. காலையில் விளக்குமாற்றோடு வந்து, பெருக்குவதற்கு முன் திரையைப் பார்ப்பார்.

“இன்னா மேடம், பாம்பு நவுந்துச்சா?”

நகர்ந்திருந்தால் எவ்வளவு என்று காட்டுவேன். நகராமல் நின்றிருந்தால், “அதுக்கு இன்னா பேஜாரோ” என்று சொல்லிவிட்டுப் பெருக்க ஆரம்பிப்பார். என் ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று தினமும் விசாரித்த ஒரே மனிதர் அவர்தான். பாம்பு என்று அவர் சொன்னது சீவலை. நான் திருத்தவில்லை.

ஆயுத பூஜைக்கு நான் வீட்டுக்குப் போனேன். திருவெண்ணெய்நல்லூர் பக்கம், நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பம். அண்ணன் டிராக்டரைக் கழுவி, பவர் டில்லர், மருந்து தெளிப்பான், மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் தடவிக்கொண்டிருந்தான்.

“ஊரே ஆயுதத்த வெச்சிக்கினு நிக்குது. உன் ஆயுதம் எங்கம்மா?” என்றான்.

கல்லூரியில் இருக்கிறது என்றேன்.

“கம்ப்யூட்டர்ல இரும்ப வெட்றியே, தூளு எங்க வுழுது? கீபோர்டு உள்ளயா?”

அண்ணி சிரித்துக்கொண்டே என் பையிலிருந்த மடிக்கணினியை எடுத்து மூடியின் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். அம்மா வழக்கம்போல எப்போது முடியும் என்று கேட்டாள். அடுத்த கூட்டத்தில் என்று சொன்னேன். போன தடவையும் அதையே சொன்னேன் என்பது அவளுக்கும் நினைவிருந்தது. இரண்டு நாள் இருந்துவிட்டு விழுப்புரம் திரும்பினேன்.

மறுநாள் கல்லூரியில் பட்டறை வாசலில் வாழைக்கன்று வாடித் தொங்கியது. உள்ளே லேத்துகளின் மேல் சந்தனக் கோடு. கூடத்தின் நடுவில் மேசையில் சரஸ்வதி படம். அதற்கு முன்னால் ஸ்பேனர்கள், வெர்னியர்கள், துளைபோடும் பிட்டுகள், எல்லாம் அளவுப்படி அடுக்கியிருந்தன. முன்வரிசையில், ஒரு வாழையிலைத் துண்டின் மேல், என் வெட்டுமுனைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பொட்டு. பொட்டு இல்லாத இடம் கண்ணாடி மாதிரி மின்னியது. என் மேசையில் காலி டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒட்டியிருந்த தாள்கள் தண்ணீரில் போய்விட்டிருந்தன.

நான் ஒரு முனையை எடுத்துப் பொட்டைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கறை இல்லை. மெல்லிய கீறல்கள் மட்டும், ஒரே திசையில். அடுத்ததை எடுத்தேன். எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். பட்டறை ஆசிரியர் தூரத்தில் மாணவர்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் வழக்கமான சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அக்கா வாளியோடு வந்தார். முகத்தில் சந்தோஷம்.

“பாத்திங்களா மேடம்? எல்லாரும் அவங்கவங்க சாமான எடுத்தாந்து வெச்சாங்க. உங்களுது மட்டும் அழுக்கா கீது. நீங்களும் ஊருக்குப் பூட்டிங்க. உங்களுத மட்டும் அழுக்கோட சாமி முன்னாடி வெக்க மனசு வரல.”

எதால் தேய்த்தீர்கள் என்று கேட்டேன்.

“மண்ணெண்ணெய்ல ஊற வெச்சி, எமரி பேப்பர் போட்டுத் தேச்சேன். போவவே இல்ல. வுடுவனா? எங்கப்பா பூஜ அன்னிக்கு, கடலுக்குப் போற போட்டு இஞ்சின அப்பிடித்தான் தேச்சிக்கினே இருப்பாரு. மொகம் பாக்கலாம் அதுல.”

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் சுருக்கமாகச் சொன்னேன்: அழுக்கு இல்லை அக்கா, அதைத்தான் அளக்க வைத்திருந்தேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று ஒரு கணம் பார்த்தார். அழுக்கை அளக்கிற வேலை ஒன்று இருக்கும் என்று அவர் ஏன் நினைக்க வேண்டும்? பூஜைக்காக அந்தக் கூடத்தில் எல்லாக் கருவிகளையும் மினுக்கச் சொல்லித் துறையே உத்தரவு போட்டிருந்தது.

என் நெறியாளர் ஓய்வு பெற்றுச் சென்னையில் இருந்தார். போனில் சொன்னேன். விசைதான் ஏற்கெனவே பொருந்துகிறதே, தடத்தின் நீளத்தைக் கணினியிலிருந்தே எடுத்து அட்டவணையில் போட்டுவிடு என்றார். கணினியைச் சரிபார்க்கக் கணினியையே சாட்சிக்குக் கூப்பிடுவதா என்று கேட்டேன். நீ இன்னும் பத்திரிகைக்காரியாகவே இருக்கிறாய் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் வேறு யோசனையும் அவரிடம் இல்லை.

அவர் வழியாகத்தான் செய்தி துறைத் தலைவருக்குப் போனது. தலைவர் அக்காவை அழைத்து, ஆசிரியர்கள் எல்லாரும் இருக்கும்போது, யாரைக் கேட்டுத் தொட்டாய் என்று விசாரித்தார். எழுத்துப்பூர்வமாக விளக்கம் வேண்டும் என்றார். டப்பாக்களில் வேகம் மட்டும்தான் எழுதியிருந்தது, தொடக்கூடாது என்று எழுதவில்லை, என் மேசையில் பூட்டாமல் வைத்திருந்தேன் என்று நான் சொன்னேன். நடந்தது அதுதான். தலைவர் விஷயத்தை அதோடு விட்டார். அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் நான் பேசப் போனேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

டைட்டானியத் தண்டில் மீதி இருந்தது, லேத் பிடிக்கும் அளவுக்கு ஒரு கட்டை. அதில், தண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாகத்தை வைத்து ஒரே ஒரு முனையால் ஒரு சின்ன வெட்டு போடலாம் என்று தோன்றியது. பட்டறை ஆசிரியருக்கு விருப்பமில்லை.

“சக்குல முட்டும் மேடம். முட்டுச்சின்னா உங்க தீசிஸ் போவாது, என் தலதான் உருளும்.”

கெஞ்சினேன் என்று சொல்ல முடியாது. தினமும் போய் நின்றேன். ஒரு சனிக்கிழமை, மாணவர்கள் இல்லாதபோது, ஒப்புக்கொண்டார். வேகத்தை வைத்தோம். புதிய முனையைப் பொருத்தினோம். மோட்டார் ஓடியது, சீவல் கிளம்பியது, “போதும், போதும்” என்று அவரே லிவரைத் தட்டினார். சக்கின் தாடைக்கும் முனைக்கும் நடுவில் ஒரு நாணயம் நுழையும் இடம்தான் இருந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் என்னைக் கேட்காதீர்கள் என்றார்.

அந்த முனையைக் கைக்குட்டையில் சுற்றி, டப்பாவில் வைத்து, டப்பாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு புதுச்சேரிப் பேருந்தில் போனேன். நுண்ணோக்கியில் தடம் தெளிவாகத் தெரிந்தது. நுனிக்குப் பக்கத்தில் அடர்த்தியாக ஒட்டிய பகுதி, அதற்கப்பால் இழுத்துக்கொண்டுபோன மாதிரிக் கோடுகள். நீளத்தை அளந்தேன். நம்பிக்கை இல்லாமல் மீண்டும் அளந்தேன். என் கணினியில் இருந்ததைவிடத் தடம் மிகவும் நீளமாக இருந்தது. திரையில் சீவல் முகத்தைவிட்டுச் சீக்கிரமே பிரிந்துவிட்டிருந்தது. நிஜத்தில் அது ஒட்டிக்கொண்டே ரொம்ப தூரம் போயிருக்கிறது. விசைக்குப் பொருந்தும்படி நான் கண்டுபிடித்த எண், தடத்துக்குப் பொருந்தவில்லை. அடுத்த வாரங்களில், தடத்துக்குப் பொருந்தும் எண்ணைப் போட்டு ஓட்டியபோது, விசை பொருந்தாமல் போனது.

அளந்த அன்று திரும்பும் பேருந்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். யாரிடம் சொன்னாலும், உராய்வு என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விழுப்புரம் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன்.

குழுவில் எல்லாவற்றையும் அப்படியே வைத்தேன். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“விசை பொருந்துது, நீளம் பொருந்தல. ரெண்டுல எது தப்புன்னு சொல்றீங்க?”

“ரெண்டும் அளந்தது சார். தப்பு என் எண்ணுலதான்.”

ஒரே முனைதானா, மற்ற வேகங்கள் எங்கே என்று கேட்டார். ஆயுத பூஜைக்குத் தேய்த்துவிட்டார்கள் என்றேன். நெறியாளர் கண்ணை மூடிக்கொண்டார். அறையில் ஒருவர் இருமினார். பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

“எங்க காலேஜ்ல மைக்ராஸ்கோப் லென்ஸ்லயே பொட்டு வெச்சாங்கம்மா. எவன் கிட்ட போய்ச் சொல்றது?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு அவர் சொன்னது இதுதான். ஒரே எண்ணால் முடியாது என்று நீங்கள் காட்டியிருக்கிறீர்கள், அதையே அத்தியாயமாக எழுதுங்கள். நுனிக்குப் பக்கத்தில் ஒட்டும் பகுதி, அதற்கப்பால் வழுக்கும் பகுதி, இரண்டுக்கும் தனித்தனி விதி வைத்து ஓட்டுங்கள். ஒரே ஒரு முனைதான் அளந்தோம் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். சமர்ப்பிக்க அனுமதி கிடைத்தது. அன்று அம்மாவிடம் போனில் சொன்னேன். “அப்ப முடிஞ்சிச்சா?” என்றாள். கிட்டத்தட்ட என்றேன். நல்லது, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

ஆய்வேட்டில் அந்த இடத்தில் ‘மற்ற முனைகள் அளவீட்டுக்குக் கிடைக்கவில்லை’ என்று எழுதச் சொன்னார் நெறியாளர். அளப்பதற்கு முன் அவை சுத்தம் செய்யப்பட்டுவிட்டன என்று எழுதினேன். யார் செய்தார்கள் என்று எழுதவில்லை. பத்திரிகையில் இருந்திருந்தால் அந்த வாக்கியத்தை நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

இரண்டு விதிகளோடு கணினி ஓடியபோது சீவல் முன்னைவிட மெதுவாக நகர்ந்தது. ஆனால் முகத்தை ஒட்டியே போனது. விசையும் அதிகம் விலகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அக்கா பெருக்க வந்தார். தரையைப் பெருக்கினார். நாற்காலிக்குக் கீழே பெருக்கினார். திரையைப் பார்க்கவில்லை. பூஜைக்குப் பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை. என் மேசையை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போனார். மேசையில் பல வாரத் தூசு இருந்தது. விரலால் தொட்டால் கோடு விழும்.

“மேசையையும் தொடச்சிடுங்க அக்கா. அதுல இப்ப ஒண்ணுமில்ல. எல்லாம் முடிஞ்சிடுச்சி. நல்லபடியாவே முடிஞ்சிடுச்சி” என்றேன்.

“வேணாம் மேடம். எனக்கு எது அழுக்கு, எது இல்லன்னு தெரியல” என்றார்.

கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. அப்படியே நம்பிச் சொன்னார். நான் இன்னும் ஏதோ சொல்வதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டார். அங்கே வாழைநார்க்காரரிடம் ஏதோ கேட்டுச் சிரிக்கிற சத்தம் பலகைக்கு அந்தப் பக்கம் கேட்டது. நான் ஒரு பழைய துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன்.